பனியன் துணியில் விழுந்த முத்திரை

கண்ணு,

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற மகளுக்கு இந்தக் கரையிலிருந்து ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிற அப்பன் திருப்பூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பாலத்தைத் தாண்டி நடந்தால் வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் உன் வீட்டு வாசல் வந்துவிடும். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "இதுக்குப் போயி ஆராச்சும் தபால் எழுதுவாங்களா? நேராப் போயிச் சொல்லீட்டு வாங்க." நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ காபி வைக்க உள்ளே போவாய். மாப்பிள்ளை நூல் விலை ஏறியதைப் பற்றிப் பேசுவார். நானும் தலையை ஆட்டிவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு திரும்பி வருவேன். தபால் என்றால் நீ ஓர் எழுத்து விடமாட்டாய். அதற்கும் முன்னால் உறையைத் திருப்பி முத்திரை சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாய். பார்த்துக்கொள். இப்போது புதிதாகப் பின்கோடு என்று ஆறு எண் எழுதச் சொல்கிறார்களே, அதையும் உனக்காகவே கேட்டு எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "ஊட்டுத் துணி அத்தனையும் அத்தையேதாம்மா தொவைக்கறாங்க. அவருது, மாமாவுது, சலவைப் பட்டறைல வேலைக்கு வர்றவங்களுதுகூட. என்ற துணிய மட்டும் தொடறதில்ல. மழை வந்தாக்கூடக் கொடியில இருந்து எடுக்கறதில்ல, என்னையக் கூப்பிட்டு எடுத்துக்கச் சொல்றாங்க. என்னைய அவங்களுக்குப் புடிக்கலைன்னு நெனைக்கறேன்." இதைச் சொல்லும்போது நீ அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் இரண்டு ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். நிறுத்தாமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாய்.

உன் மாமியார் ஏன் உன் துணியைத் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைத்தான் இந்தக் கடிதத்தில் உடைக்கப்போகிறேன். காரணத்தை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டால் நீ "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் வேறு கணக்குப் போடுவாய். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது. கத்தரி பிடித்த கை இது. நேராக வெட்டத்தான் தெரியும், சுருக்கமாக எழுதத் தெரியாது.

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ராவுத்தருக்குக் கொழும்பிலிருந்து வருகிற உறைகளை உனக்காக வாங்கிவந்து கொடுத்தேன் அல்லவா, அங்கே ஆரம்பித்தது எல்லாம். மற்றப் பிள்ளைகள் ஸ்டாம்பை வெந்நீரில் ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டார்கள். நீ மட்டும் ஸ்டாம்பை விட்டுவிட்டு அதன்மேல் விழுந்திருந்த கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னடா இது, மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னால் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்க்கிற கதையாக இருக்கிறதே என்று கேலி செய்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "வட்டத்துக்குள்ள ஊர்ப் பேரும் தேதியும் இருக்குதுங்கப்பா. இந்த நாள்ல இது இந்த ஊர்ல இருந்துச்சுன்னு கவர்மெண்டே சத்தியம் பண்ணின மாதிரி" என்றாய்.

அப்புறம் உனக்கு அந்த யோசனை வந்தது. காகித உறையில் முத்திரை வாங்க யாராலும் முடியும். எந்த ஊர் முத்திரையோ அந்த ஊர்ப் பொருளின்மேலேயே அதை வாங்கவேண்டும். திருப்பூருக்கு எது என்று கேட்கவே தேவையில்லை. கம்பெனியில் என் கட்டிங் மேஜையின் கீழே கிடந்த வெட்டுத்துண்டில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஸ்டாம்பை ஒட்டி, உன் பெயரையே விலாசமாக எழுதிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பிவிட்டாய். நானும் கூடவே வந்தேன், யாராவது உன்னைத் திட்டினால் பதிலுக்குத் திட்டலாமே என்று. கவுண்டரில் அப்போதிருந்தவர் திருநெல்வேலிக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியைப் பார்த்தார். "என்ன தாயி இது? துணியில கொண்டுவந்து சீல் போடச் சொல்லுத. இத எவன் வாங்குவான்?" என்றார். நீ சொன்னாய்: "நாந்தானுங்க வாங்குவேன். விலாசம் என்றதுதானுங்க." "ரூல்ல துணி கெடையாது தாயி." "துணி கூடாதுன்னு ரூல்ல இருக்குதுங்களா?" குரலை ஒரு நூல்கூட உயர்த்தவில்லை. அவர் உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். "கூடாதுன்னும் இல்ல" என்று சொல்லி முத்திரையை எடுத்தார். சண்டைக்கென்று கூட வந்த நான் சும்மா நின்றேன். பணிவாகப் பேசி ஜெயிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது இன்னும் வரவில்லை.

ஜெயித்ததென்னவோ உண்மை, ஆனால் முத்திரை கெட்டுப்போயிற்று. பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வட்டம் கோழிமுட்டையாகிவிட்டது. மை ஊறிப் பரவி ஊர்ப் பெயரே தெரியவில்லை. அப்போது உன் அம்மா, இதெல்லாம் வெட்டி வேலை என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், சோறு வடித்த கஞ்சியை எடுத்து வந்தாள். "கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுத்தா மை மேலாலேயே நிக்குமல்லோ" என்றாள். கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவளுக்கு எந்தத் துணியில் எது ஊறும், எது ஊறாது என்று தெரியாதா? நான் பின்னல் வரி பார்த்து நேராக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அவள் கெட்டியாகக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, அட்டை மாதிரி விறைப்பாக்கிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை விழுந்த வட்டம் காசைப் போலத் திருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு உன்னோடு பஸ்ஸில் சுற்றியிருக்கிறேன். தாராபுரத்தில் பனையோலை விசிறியின்மேல் வாங்கினாய். அந்த விசிறியை நம் வீட்டில் கொண்டுவந்து போட்ட தபால்காரர் வெயிலில் வழியெல்லாம் அதைத்தான் வீசிக்கொண்டு வந்ததாக அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஊத்துக்குளியில் வெண்ணெய் பொதிகிற வாழைச்சருகு. பல்லடத்தில் தறியிலிருந்து அறுத்த துணித்துண்டு. அவிநாசிபாளையத்தில் பஸ் பழுதாகி நின்றபோது கையில் ஒன்றும் இல்லாமல் பஸ் டிக்கெட்டின் பின்னால் ஸ்டாம்பை ஒட்டி, மிச்சமிருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல விலாசம் எழுதினாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கம்பெனியில் என்னைக் கேட்பார்கள், "ஏனுங்க மாஸ்டர், புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, போஸ்ட்மேன் பாக்கறீங்களா?" என்று. கேட்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் எது அதற்கே உரியது என்று தேடிப் பார்க்கிற கண் உனக்கு இருந்தது. சிவன்மலைக்கு வருஷம் தவறாமல் போகிறவன் நான். முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே இறங்கி வந்துவிடுவேன். உன்னோடு வந்தபோதுதான் அந்த ஊருக்கென்று ஒரு மண் நிறம் இருக்கிறது என்று கவனித்தேன்.

பிறகு திருப்பூரை ஒட்டி நாம் குடியிருக்கிற நொச்சிக்காட்டுப்புதூருக்கே தபாலாபீஸ் வந்தது. அதுவரை நமக்குக் கடிதம் போடுகிறவர்கள் திருப்பூர் என்று எழுதி, பக்கத்தில் வழி சொல்வதைப் போல இரண்டு வரி எழுதவேண்டும். ஊர் இருந்தது, காகிதத்தில் இல்லை. நம் நல்ல நேரம், அதே திருநெல்வேலிக்காரரைத்தான் போஸ்ட்மாஸ்டராகப் போட்டார்கள். திறப்பு நாளன்று காலையில் நீ தலைக்குக் குளித்து, அம்மா கஞ்சி போட்டுக் கொடுத்த துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவள்போல வரிசையில் நின்றாய். பஞ்சாலைக்காரருடைய உறைக்குத்தான் முதல் முத்திரை. அவர் பெரிய மனிதர், அது நியாயம்தான். புது மைத்திண்டு, ஊற ஊற மை, அவருடைய உறையில் அப்பிக்கொண்டது. இரண்டாவது உன் துணி; அனுப்புவதற்கு இல்லை, முத்திரைக்கு மட்டும் என்பதால் அதில் விலாசம்கூட எழுதவில்லை. போஸ்ட்மாஸ்டர் கையை ஒரு தரம் உதறிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தட்டினார். வட்டத்தில் பாதி ஸ்டாம்பின்மேலும் பாதி துணியின்மேலுமாக, நம் ஊரின் நீளமான பெயர் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கிற மாதிரி, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் விழுந்தது. "இந்த மாதிரி இனிமே எனக்கே விழாது தாயி" என்றார். அந்த ஊருக்கு அந்தத் தேதி ஒருமுறைதான் வரும். முதல் நாள் இரண்டாம் தடவை கிடையாது. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணுக்கு நான் நகை நட்டு என்று எதைச் செய்து போட்டாலும் இந்தச் சிரிப்பு வராது என்று தோன்றியது.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. உனக்குக் கல்யாணம் பேசி முடித்து, பூ வைத்துவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் விடாமல் மழை. பெட்டிக்குள் ஈரம் ஏறிவிட்டது என்று உன் அம்மா உன் முத்திரைப் பொருள்களை எல்லாம் எடுத்து, நம் ஊர் முத்திரைத் துணியை வாசல் கட்டிலிலும் மற்றவற்றைப் பின்வாசலிலுமாக வெயிலுக்குப் பரப்பியிருந்தாள். நீ தையல் வகுப்புக்குப் போயிருந்தாய். உன் மாமியார் அளவு ரவிக்கை வாங்கிப்போக வந்தார்கள். அம்மா காபி வைக்க உள்ளே போனாள். அவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். வெள்ளைப் பனியன் துணி ஒன்று, அதன் ஓரத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒட்டின மாதிரி ஒரு ஸ்டாம்பு, அதிலிருந்து துணிக்கு வளைந்து இறங்கினாற்போல ஒரு கறுப்புக் கறை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர்கள் குடும்பம் சலவைப் பட்டறைக் குடும்பம். அந்த வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் கறை பட்ட துணியைக் கண்டால் இதென்ன என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அந்த வீட்டுப் பெண்களைக் குறை சொன்னதாகிவிடும். பேசாமல் எடுத்துப் போய், வெளுத்து, மடித்துக் கொண்டுவந்து வைப்பதுதான் மரியாதை. உன் மாமியாரும் ரவிக்கையோடு சேர்த்து அதையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

நாம் தேடாத இடம் உண்டா? காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று வேலியெல்லாம் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஆட்டை நான் சந்தேகப்பட்டு அதன் சொந்தக்காரரிடம் வாய்ச்சண்டை வேறு போட்டேன். அந்த வாரக் கடைசியில் உன் மாமியார் வந்தார்கள். தாம்பாளத்தில் பூ, பழம், அதன்மேல் அந்தத் துணி. நீலம் போட்டிருந்ததில், மல்லிகைப்பூவும் அதுவும் ஒரே வெள்ளையாக இருந்தது. "எங்க பட்டறைல ரெண்டு பேரு முடியாதுன்னு வச்சுப்போட்டாங்க கண்ணு. நானே உக்காந்து மண்ணெண்ணெ தொட்டுத் தேச்சு, சோடாவுல வேகவச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். ஸ்டாம்பு வீணாப் போகக்கூடாதுன்னு உரிச்சுக் காயவச்சுக் கொண்டாந்திருக்கறேன்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்டாம்பையும் உன் கையில் வைத்தார்கள். அதில் பாதி வட்டம் அப்படியே இருந்தது. எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. வாயைத் திறந்துவிட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான், திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தத் துணியை நீ ஒரு தரம் தடவிப் பார்த்தாய். "நல்லா வெளுத்துருக்குதுங்கத்தை" என்றாய். அவர்கள் முகம் மலர்ந்ததை நீ பார்த்ததைவிட நான் நன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் நீ தலையைக் குனிந்திருந்தாய்.

அவர்கள் போன பிறகு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் கஞ்சி போடாம இருந்திருந்தா மை நூலுக்குள்ள எறங்கியிருக்கும், போயே இருக்காது. கஞ்சியோட சேந்து மையும் போயிருச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நான் சம்பந்தி வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். "அவங்க கையப் பாத்தீங்களாப்பா? நகத்தோரமெல்லாம் வெடிச்சு ரத்தங் கட்டியிருக்குது. அந்தக் கைல மண்ணெண்ணெ பட்டா எப்படி எரியும்? அதையும் பொறுத்துக்கிட்டு உக்காந்து தேச்சிருக்காங்க. அது என்னன்னு அவங்களுக்குத் தெரியவே வேண்டாமுங்கப்பா. யாரும் சொல்லக்கூடாது." கண்ணு, உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை உண்டு என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று உன் அம்மா பயப்படுவாள். இப்போது எழுத்தில் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் கண்ணுக்குக் கோபம் மட்டும் தெரிந்தது, உன் கண்ணுக்கு அந்த விரல்கள் தெரிந்தன. உன்னைப் பார்த்து நான் வியந்து நின்ற நாள் அதுதான்.

மனசு கேட்காமல் மறுநாள் போஸ்ட்மாஸ்டரிடம் போனேன். முத்திரையில் தேதியைத் திருப்பி வைத்து ஒரே ஒரு தடவை தட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, தேதிய நான் பின்னால திருப்பினேன்னா என்னைய ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாவ. அதுகூடப் பரவாயில்ல. பொய்த் தேதின்னு தெரிஞ்சா அந்தப் புள்ள அத வாங்கிக்கிடுமா, சொல்லுங்க" என்றார். வாங்கமாட்டாய். எனக்கும் தெரியும். திரும்பி வந்தபோது நீ அந்த வெறும் வெள்ளைத் துணியை விசிறிக்கும் வாழைச்சருகுக்கும் நடுவில், அதன் பழைய இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி உனக்குத் தெரியாதது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உன் மாமியார் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். நான் கட்டிங் மேஜையில் தனியாக உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தேன். அவர்கள் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறை இருந்தது. நாம் தபாலில் அனுப்பினது, நம் ஊர் முத்திரையோடு அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உறையை மேஜைமேல் வைத்து முத்திரையின்மேல் விரலை வைத்தார்கள். "ஏனுங்கண்ணா, இதுல பாதி ஸ்டாம்புல இருக்குது, பாதி கவர்ல இருக்குது. நான் உரிச்ச ஸ்டாம்புலயும் இதே மாதிரிப் பாதி இருந்துச்சுங்க. மீதிப் பாதியத்தான் நான் துணில இருந்து எடுத்தேனுங்களா? ரெண்டும் சேந்தா இந்த வட்டமுங்களா? அது கறை இல்லீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை கண்ணு. கறை இல்லீங்க என்று சொன்னேன். தபாலாபீஸ் திறந்த நாளில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "திரும்பி வாங்க முடியாதுங்களா?" என்றார்கள். முடியாதுங்க என்றேன். "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுங்கண்ணா. கறுப்பா இருந்தாக் கறைன்னுதான் எனக்குத் தெரியும். அந்தப் புள்ளை என்னையப் பாத்து நல்லா வெளுத்துருக்குதுன்னு சொல்லுச்சுங்க. எப்படிங்க அதுக்கு வாய் வந்துச்சு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். "நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு அதுகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா, எம்மனசு நோகக்கூடாதுன்னு எனக்குச் சமாதானம் சொல்றதே அதுக்கு வேலையாப் போயிரும். வாழ வர்ற புள்ளை, சந்தோசமா வரட்டும்." நான் சரி என்றேன். நீயும் சொல்லாதே என்றாய், அவர்களும் சொல்லாதே என்றார்கள். நடுவில் நான் இரண்டு பக்கமும் வாய் கட்டின மாடு மாதிரி நின்றேன். உன் கல்யாணத்தில் நான் ஏன் அவ்வளவு உம்மென்று இருந்தேன் என்று உன் சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாளே, அதற்குக் காரணம் பெண்ணைப் பிரிகிற துக்கம் மட்டும் இல்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன்னைப் பிடிக்காமல் அல்ல, பயந்துபோய்த்தான் அவர்கள் உன் துணியைத் தொடுவதில்லை. உன் சேலையில் இருக்கிற ஒரு புள்ளி கறையா, நீ பொத்தி வைத்திருக்கிற ஏதாவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர்த் துணியெல்லாம் வெளுத்த கை, உன் ரவிக்கைக்கு முன்னால் மட்டும் கூசி நின்றுவிடுகிறது. நீயும் சும்மா இல்லை. இடம் போதாது என்று சொல்லி முத்திரைப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு ஜோடி மாட்டைக் கட்டலாம் உன் வீட்டில், ஒரு பெட்டிக்கு இடம் இல்லையா? மற்ற முத்திரைகளைப் பார்த்தால் அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடுமே என்றுதான் நீ எடுத்துப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களோ, தம்மை நம்பாமல்தான் நீ பெட்டியைக் கொண்டுவரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் சந்தையில் பார்த்தபோது, "பெட்டிய அது எடுத்துட்டு வரலீங்களே" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அதோடு புளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது பெரிய குணம். அதை மெச்சித்தான் இத்தனை பக்கமும் எழுதினேன். ஆனால் ஒரு நாளைக்கு நல்லதாக இருக்கிற மௌனம், ஒரே கூரைக்கடியில் வருஷக்கணக்காக ஓடினால் இரண்டு பேருக்கும் நடுவில் சுவராகிவிடும். அவர்கள் மனசு நோகக்கூடாது என்று நீயும், உன் மனசு நோகக்கூடாது என்று அவர்களும் ஒதுங்கி ஒதுங்கிப் போய், கடைசியில் இரண்டு நல்ல பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் வேண்டாதவர் என்று எண்ணிக்கொள்வீர்கள். அதை வேடிக்கை பார்ப்பதைவிட வாக்குத் தவறினவன் என்ற பேரோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை நீதான் அவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கதைச் சுருக்கம் சொல்லிச் சமாளிக்கவும் கூடாது. பட்டறை வேலை முடிந்து அவர்கள் வந்து உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து, என் கேலியையும் விடாமல் படி. நான் கோபப்பட்டதையும் படி, மறைக்காதே. அவர்கள் கம்பெனிக்கு வந்த பகுதியில் உனக்குக் குரல் கம்மும். கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் படி.

சம்பந்தியம்மா, இந்த வரி உங்களுக்கு. நீங்கள் வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டேன். என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், பிள்ளைமேல் வேண்டாம்.

கண்ணு, இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கு. அவர்கள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.